நீலத் தோலும் பாலாற்றுக் கிணறும்

சென்னைக் கலைப்பள்ளியில் 1903-ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே வேரூன்றச் செய்தவர் என்று பலருக்கு அவரைத் தெரியும். தோலில் அவர் கை வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் விவசாயிகளின் கவலை ஏற்றம். கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் தோல் சால், பட்டையில் பதனிட்ட தோலால் செய்யப்பட்டால் சில மாதங்களில் நீரில் ஊறி நைந்துபோகும். குரோமியத்தில் பதனிட்ட தோல் நீருக்கு அசையாது, நெடுநாள் உழைக்கும். ஆக, சென்னை மாகாணத்துக்குள் குரோமியம் விவசாயியின் கிணற்றுக்கு உதவும் பொருளாகவே நுழைந்தது. அரசு தொழில் நடத்துவது தகாது என்று இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு 1910-இல் லண்டனிலிருந்து தடுத்துவிட, சோதனை அரசின் கையைவிட்டுப் போனது. பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரில் அதன் நினைவு இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு இந்தப் புதிய முறை தமிழ்நாட்டில் ஓரமாகவே கிடந்தது. வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் திண்டுக்கல்லும் பழைய பட்டை முறையிலேயே தோல் பதனிட்டு வந்தன. பாலாற்றங்கரைக் கிணறுகளைப் பற்றிப் பேசும்போது இந்த அறுபது ஆண்டு இடைவெளியைக் கவனிக்காமல் விட்டால் வரலாறு முழுவதும் தவறாகவே புரியும்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. தோல் பதனிடுவது அழுக்கான, பழமையான தொழில். அந்தத் தொழில் இருக்கும் ஊரில் நீர் கெடும். பாலாற்றுப் பக்கம் அந்தத் தொழில் நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஆகவே நீர் கெட்டது. இந்தக் கதையில் தொழிலின் மீதும், அதைச் செய்யும் மக்களின் மீதும் ஒரு பழைய ஏளனம் ஒட்டியிருக்கிறது. என் வாதம் வேறு. பாலாற்றுப் படுகையின் குடிநீரில் கனஉலோகம் ஒரு கேள்வியாக எழுந்தது 1970-களில் டெல்லியில் எடுக்கப்பட்ட ஓர் ஏற்றுமதி முடிவின் விளைவாக. அந்த முடிவு நல்ல நோக்கம் கொண்டது, பொருளாதாரக் கணக்கில் வெற்றியும் பெற்றது. ஆனால் தோலின் மதிப்பை நாட்டுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், அந்த மதிப்போடு கூடவே நாட்டுக்குள் தங்கிவிடும் கழிவைக் கணக்கில் எழுதவில்லை.

பழைய முறை எப்படி இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். உப்பிட்டு வந்த பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் நீக்கி, சதை சுரண்டி, ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த குழிகளில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முடிப்பார்கள். இப்படி அரைகுறையாகப் பதனிட்ட தோல்தான் உலகச் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர் வாங்கியது. லண்டன் ஏலத்துக்குப் போய், அங்கே மறுபடி பதனிடப்பட்டு, சாயமேற்றப்பட்டு, காலணியாகும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவப் பூட்ஸுகளின் மேல்தோலுக்கு இது அவ்வளவு தேவைப்பட்டதால் அரசே இதன் வணிகத்தைக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ஆவாரம்பட்டை உள்ளூர்க் காடுகளிலும் தரிசுகளிலும் கிடைத்தது. போதாதபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து சீமை வேலம்பட்டை வந்தது. எப்படியானாலும் பட்டைக் குழியில் இருந்தது மரத்தின் துவர்ப்புச் சத்து. நாறும், நிறம் மாற்றும், மீனைக் கொல்லும். ஆனால் நுண்ணுயிர்கள் காலப்போக்கில் அதைச் சிதைத்துவிடக்கூடும்.

இதைப் பொற்காலமாக வரைய எனக்கு விருப்பமில்லை. சுண்ணாம்புக் குழியில் நின்று உழைத்தவர்களின் கைகால்கள் வெந்து புண்ணானதையும், அவர்கள் கொத்தடிமைகளைப் போல நடத்தப்பட்டதையும் திண்டுக்கல்லைக் களமாகக் கொண்ட டி. செல்வராஜின் 'தோல்' நாவல் விரிவாகச் சொல்கிறது. 2012-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல் அது. பட்டை முறையிலும் உப்பு உண்டு, சுண்ணாம்பு உண்டு, சல்ஃபைடு உண்டு. தொழிற்கூடத்துக்குப் பக்கத்துக் கிணறு அந்தக் காலத்திலும் கரித்திருக்கும். ஆகவே, 'பழைய முறையும் நீரைக் கெடுத்ததுதானே' என்று கேட்பவர்களுக்கு ஆமாம் என்றே பதில். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. ஒன்று, பட்டைக்கு வாரங்கள் பிடிக்கும். அந்த மெதுவான வேகமே ஒரு தொழிற்கூடம் ஆண்டுக்கு எத்தனை தோல் பதனிடலாம் என்பதற்கு ஓர் எல்லை போட்டது. இரண்டாவது, உலோகம் சிதையாது. சேற்றில் போனாலும், ஏரியில் போனாலும், மண்ணில் இறங்கினாலும் அது உலோகமாகவே இருக்கும். இடமும் வடிவமும் மட்டுமே மாறும்.

விடுதலைக்குப் பிறகு இந்தத் தொழிலைப் பற்றிய பொதுக் கவலை ஒன்றே ஒன்றுதான். நம் மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் அரைப் பதத்தில் மலிவாக விற்றுவிட்டு, அதையே காலணியாகவும் கைப்பையாகவும் பிறர் பல மடங்கு விலைக்கு விற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்பது அது. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்ததும், நாயுடம்மா போன்றவர்கள் அதை உலகறிந்த நிலையமாக வளர்த்ததும் இந்தக் கவலையின் ஒரு முகம். இன்னொரு முகம் சீதாராமய்யா குழு. அது 1970-களின் தொடக்கத்தில் தந்த பரிந்துரைப்படி மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது, அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு ஒதுக்கீட்டு முறை கொண்டுவந்து ஆண்டுக்காண்டு சுருக்கியது, முழுப்பதத் தோலுக்கும் தோல் பொருளுக்கும் சலுகைகள் தந்தது. கடனும் இறக்குமதி இயந்திரமும் அந்த வழியில் வந்தன. காலணி மேல்தோலுக்கு உலகம் கேட்டது மென்மையான, சாயம் நன்றாகப் பிடிக்கிற, சூடு தாங்குகிற குரோம் தோலை. அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறையும், மார்ட்டின் டென்னிஸ் 1893-இல் அதை எளிமையாக்கிய முறையும் மேலைநாடுகளில் பட்டையை ஏற்கனவே பெருமளவு விரட்டிவிட்டிருந்தன. பட்டைக் குழியில் வாரங்கள் கிடந்த தோல், குரோமிய உப்போடு சுழலும் மர டிரம்மில் ஒரே நாளில் பதமாகி வெளியே வரும். வெளியே வரும்போது ஈரமாக, வெளிர் நீலமாக இருக்கும். தொழிலில் அதற்கு 'வெட் ப்ளூ' என்று பெயர். சுமார் இருபது ஆண்டுகளுக்குள் பாலாற்றுப் பக்கம் குழிகள் குறைந்து டிரம்கள் பெருகின.

டிரம்முக்குள் போகும் குரோமியம் முழுவதும் தோலில் ஏறுவதில்லை. வழக்கமான முறையில் 60 முதல் 70 விழுக்காடு தோலைப் பிடித்துக்கொள்ளும். மீதி பச்சை கலந்த நீல நீராக வடிகாலில் போகும். அந்த வடிநீரில் ஒரு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருப்பது சாதாரணம். வெளியேற்ற அனுமதிக்கப்பட்ட அளவோ 2 மில்லிகிராம். மற்றக் கழிவுநீரோடு கலந்து அது நீர்த்துப்போகும் என்பது உண்மை. அந்த 'மற்றக் கழிவுநீர்' எவ்வளவு என்றால் ஒரு கிலோ தோலுக்கு 30, 40 லிட்டர். பட்டை முறைக்கு ஒரு சில சரக்குகள் போதும். குரோம் முறைக்கு சுமார் 170 வகை இரசாயனங்கள் தேவை என்று உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான ஆவணமே சொன்னது. இவையெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் எது என்பதில்தான் பாலாற்றின் தனித்தன்மை இருக்கிறது. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் வழியாக வந்து, தன் நீளத்தில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டில் கடக்கும் இந்த ஆறு பெரும்பாலான நாட்களில் மணலாகவே கிடக்கும். நீர் மேலே ஓடாது, மணலுக்கு அடியில் ஓடும். அந்த ஊற்றை நம்பியே கரையோர ஊர்களின் பாசனக் கால்வாய்களும், குடிநீர்க் கிணறுகளும் அமைந்தன. மணலைத் தாண்டினால் கடினப் பாறை. அதன் மேல் சிதைந்த ஒரு மெல்லிய அடுக்கு. ஆழம் குறைந்த இத்தகைய நிலத்தடி நீரில் மேலிருந்து இறங்குவது எதுவும் சீக்கிரம் கலந்துவிடும். தளம் பூசாத குட்டைகளிலும் ஏரி உள்வாய்களிலும் விடப்பட்ட கழிவுநீர் ஆவியாகிப் போகும் என்று நம்பினார்கள். நீர் ஆவியானது, உப்பும் உலோகமும் கீழே இறங்கின.

இந்த இடத்தில் தொழில்துறையின் வலுவான மறுப்பு வருகிறது. அதை நேராகச் சந்திக்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. குரோமியம் இரண்டு வடிவங்களில் முக்கியமானது. மூன்று இணைதிறன் கொண்டது ஒன்று, ஆறு இணைதிறன் கொண்டது மற்றொன்று. தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமியம். அது நீரில் அதிகம் கரையாமல், மண்ணில் ஹைட்ராக்சைடாகப் படிந்து, பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். குடலில் மிகக் குறைவாகவே ஏறும். உண்மையான நஞ்சு ஆறாம் நிலைக் குரோமியம். அது நீரில் கரைந்து ஓடும், உயிரணுவுக்குள் எளிதில் நுழையும், உள்ளே மரபணுவைச் சேதப்படுத்தும். ஆகவே தோல் பதனிடும் டேனரியையும் புற்றுநோயையும் ஒரே மூச்சில் சொல்வது அறிவியலுக்கு எதிரானது என்கிறார்கள். இதில் பெரும்பகுதி சரி. டேனரிகளை ஒட்டிய ஊர்களில் மக்கள் அன்றாடம் அனுபவித்த கேடு முதன்மையாக உப்பும் கடினத்தன்மையும்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிணறு கரித்ததால் அந்த நீரைக் குடிப்பதை அவர்கள் நிறுத்தினார்கள். ஒரு வகையில் உப்பு அவர்களை எச்சரித்துக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம், அதுவும் அடுத்த நல்ல நீருக்கு வழி இருந்தவர்களை மட்டும்.

ஆனால் அந்த மறுப்பு இரண்டு இடங்களில் ஓட்டையாகிறது. மூன்றாம் நிலை எப்போதும் மூன்றாம் நிலையிலேயே இருக்கும் என்ற உறுதி கிடையாது. மண்ணில் உள்ள மாங்கனீசு டை ஆக்சைடு அதில் ஒரு பகுதியை ஆறாம் நிலைக்கு மாற்ற வல்லது; குரோமியம் நிறைந்த சேற்றையோ தோல் சீவலையோ எரித்தாலும் அதே மாற்றம் நடக்கலாம். சேறு மலைபோலக் குவிந்திருக்கும் ஊரில் இது சிறிய விஷயம் ஆகாது. இரண்டாவது ஓட்டை பெரியது. டிரம்மில் போடும் அந்த நல்ல உப்பு எங்கிருந்து வந்தது? குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் உலையில் வறுத்தால் சோடியம் பைகுரோமேட் கிடைக்கும். அது முழுக்க ஆறாம் நிலை. அதை வெல்லப்பாகு போன்ற ஒன்றைச் சேர்த்து ஒடுக்கினால்தான் தோலுக்கான மூன்றாம் நிலை உப்பாகும். டேனரியின் வாசலுக்கு வரும் மூட்டை சாதுவானது. அந்த மூட்டையின் பிறப்பிடம் அப்படியல்ல. தேவை பெருகியபோது, இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்ற அதே காலத்துக் கொள்கையின்படி, அந்தப் பிறப்பிடமும் பாலாற்றங்கரைக்கே வந்து சேர்ந்தது.

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1970-களின் நடுவில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற வறுத்த தாதுச் சக்கையின் அளவு கணக்குக்குக் கணக்கு மாறும்: ஒன்றரை லட்சம் டன் என்பார்கள், இரண்டேகால் லட்சம் டன் என்பார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் அது வெட்டவெளியில், பல ஆண்டு மழைக்குத் திறந்து கிடந்தது. சக்கையில் எஞ்சியிருந்த ஆறாம் நிலைக் குரோமியம் மழைநீரில் மஞ்சளாகக் கரைந்து வழிந்தது. அதைச் சுற்றிய நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் குடிநீருக்கான வரம்பைப் போலப் பல நூறு மடங்கு குரோமியத்தைக் கண்டார்கள். 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. அத்தகைய பட்டியல்களில் விளம்பர மணம் உண்டுதான். ஆனால் ராணிப்பேட்டையைச் சேர்க்க அங்கே போதுமான காரணம் இருந்தது. 'குற்றம் டேனரியுடையது அல்ல, ஒரே ஒரு இரசாயன ஆலையுடையது' என்று இதிலிருந்து தப்பிக்க முடியாது. குரோம் தோல் இல்லாமல் அந்த ஆலைக்கு அங்கே வேலை இல்லை. இரண்டும் ஒரே கொள்கையின் பிள்ளைகள்.

குடிநீரில் குரோமியத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், இரண்டு நிலைகளையும் சேர்த்து. ஆறாம் நிலைக் குரோமியம் நீரை மஞ்சளாக்கும் என்று சொன்னேன். ஆனால் கண்ணுக்கு அந்த மஞ்சள் தெரிய வேண்டுமானால் ஏறத்தாழ 1 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதாவது வரம்பைப் போல இருபது மடங்கு வரை நீர் தெளிவாகவே தெரியும். உப்புக் கரிப்பும் இல்லாவிட்டால் நாக்கும் எச்சரிக்காது. மூச்சில் போகும் ஆறாம் நிலைக் குரோமியம் நுரையீரல் புற்றுநோய் தரும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. குரோமேட் தொழிலாளரின் மூக்குத் தண்டில் ஓட்டை விழுவதும், தோலில் ஆறாத குழிப்புண் வருவதும் நெடுங்காலமாகவே மருத்துவ நூல்களில் உள்ளவை. குடிப்பதால் என்ன ஆகும் என்பதில் விவாதம் நீண்டது. இரைப்பையின் அமிலம் ஆறாம் நிலையை மூன்றாம் நிலையாக மாற்றிவிடும், ஆகவே குடித்தால் ஆபத்தில்லை என்பது தொழில்துறையின் பழைய வாதம். 2008-இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட ஈராண்டுச் சோதனை அதை அசைத்தது: சோடியம் டைகுரோமேட் கலந்த நீரைக் குடித்த எலிகளின் வாய்க்குள்ளும் சுண்டெலிகளின் சிறுகுடலிலும் புற்று வந்தது. சோதனையில் கொடுத்த அளவு மிக அதிகம் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. சிறிய அளவில் எவ்வளவு ஆபத்து என்பது இன்றும் கணிப்பே. எல்லையை எங்கே வைப்பது என்பதில் கலிஃபோர்னியா பட்ட பாடு அதைக் காட்டுகிறது. 2014-இல் ஆறாம் நிலைக்கெனத் தனியாக 0.01 மில்லிகிராம் வரம்பு விதித்து, 2017-இல் நீதிமன்ற உத்தரவால் திரும்பப் பெற்று, 2024-இல் மீண்டும் அதே வரம்பைக் கொண்டுவந்தது.

மனிதர்களிடமிருந்து கிடைத்த சான்றின் கதை இன்னும் கசப்பானது. சீனாவின் லியாவோநிங் மாநிலத்தில் ஜின்ஜோ நகரத்துக்கு அருகில் ஒரு ஃபெர்ரோகுரோமியம் ஆலையின் கழிவால் 1965 வாக்கில் கிராமத்துக் கிணறுகள் மஞ்சளாயின. அந்த ஊர்களில் புற்றுநோய் இறப்பு, குறிப்பாக இரைப்பைப் புற்று, மிகுந்திருப்பதாக ஜாங் ஜியான்தொங் என்ற மருத்துவர் 1987-இல் எழுதினார். பத்தாண்டு கழித்து அவர் பெயரிலேயே ஓர் அமெரிக்க ஆய்விதழில் அதற்கு நேர்மாறான முடிவோடு கட்டுரை வந்தது. அதை உருவாக்கியதில் தொழில்துறைக்கு வேலை செய்த ஆலோசனை நிறுவனத்துக்கு இருந்த பங்கு மறைக்கப்பட்டிருந்தது வெளிவந்ததும், 2006-இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே தரவை வேறு ஆய்வாளர்கள் மறுபடி ஆராய்ந்தபோது இரைப்பைப் புற்று கூடுதலாகவே தெரிந்தது.

இப்போது பாலாற்றுக்கு வந்தால், அடுத்த எதிர்ப்பு இதுதான்: 'இங்கே அப்படி ஒரு நோய் நிரூபணம் எங்கே?' கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் நிரூபணம் கிடைப்பதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்று யோசித்தால் நியாயம் கரைகிறது. எந்தக் கிணற்றில் எந்த ஆண்டில் எவ்வளவு உலோகம் என்ற பதிவு வேண்டும். யார் எத்தனை ஆண்டு அந்த நீரைக் குடித்தார் என்று தெரிய வேண்டும். இருபது முப்பது ஆண்டு கழித்து வரும் நோயை எண்ணும் பதிவேடு வேண்டும். சென்னை நகரத்துக்குப் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது; மாநிலம் முழுவதற்குமான பதிவேடு 2012-க்குப் பிறகுதான். அதற்குள் பாலாற்று ஊர்களில் மக்கள் கிணற்றை விட்டு ஆழ்துளைக் குழாய்க்கும், அங்கிருந்து லாரித் தண்ணீருக்கும் மாறிவிட்டிருந்தனர்; கடைசியில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீரும் வந்தது. பிழைப்புக்காக ஊரைவிட்டே போனவர்களும் உண்டு. கேட்பவர்களே வைத்திருக்க வேண்டிய பதிவுகளை வைக்காமல் விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவரிடம் சான்று கேட்பது வழக்காடலில் உதவலாம், பொதுச் சுகாதாரத்தில் உதவாது. சான்று இல்லாததை ஆபத்து இல்லாததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததே இந்தப் பள்ளத்தாக்கின் வழக்குதான்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது அந்தத் தீர்ப்பு. தோல் கழிவு பரவிய பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகியிருந்ததை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கிட்டதும், திண்டுக்கல் பக்கம் 13 ஊர்களில் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்ததும் தீர்ப்பிலேயே பதிவாகின. ஐந்து மாவட்டங்களில் இருந்த சுமார் 900 டேனரிகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதற்கு முன் பத்தாண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. டேனரிகளில் பல அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய ஆலைகள் கூடாது என்று மாநில அரசு 1989-இலேயே ஆணை போட்டிருந்தது. ஆணைக்கும் நடப்புக்கும் இடையே இருந்த தூரம் அந்த ஒரு கிலோமீட்டரைவிட அதிகம்.

தீர்ப்புக்குப் பின் பல விஷயங்கள் மாறின என்பதை மறுப்பது நேர்மையாகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. குரோமிய வடிநீரைத் தனியாகப் பிரித்து, மெக்னீசியம் ஆக்சைடு கொண்டு படியவைத்து, மீண்டும் பயன்படுத்தும் முறையைத் தோல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. பின்னாளில் கழிவுநீரை வெளியே விடாமல் எதிர் சவ்வூடுபரவல் வழியாகத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடும் கட்டாயமானது. ஆனால் நீரிலிருந்து பிரித்த உலோகம் சேறாகிறது, அந்தச் சேற்றுக்கும் ஓரிடம் வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தனர்; பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தொழிலை ஆதரிப்போர் இறுதியாகச் சொல்வது வேலைவாய்ப்பு. ஆம்பூரின் காலணி ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கும், தலைமுறைகளாக இதை நடத்திவரும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இது வாழ்வு. ஆற்று மணல் அள்ளலும் மேலே கட்டிய தடுப்பணைகளும் பாலாற்றை வறளவைத்ததில் தோலுக்கு என்ன பங்கு என்றும் கேட்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆறு ஓடியிருந்தால் நஞ்சு நீர்த்திருக்கும், மணல் இருந்திருந்தால் ஓரளவு வடிகட்டியிருக்கும். ஆனால் இவை என் வாதத்துக்கு எதிரானவை அல்ல. சிறு டேனரிகளில் பல யாருக்கோ கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பவை. கழிவைச் சுத்திகரிக்கும் செலவை விலையில் ஏற்ற அவர்களால் முடியாது, ஏற்றினால் வாங்குபவர் வேறிடம் போவார். அந்நியச் செலாவணி முழு நாட்டுக்கும் போனது. சுத்திகரிப்பின் சுமை மட்டும் ஆம்பூர், வாணியம்பாடிச் சிறு முதலாளியின் தலையில் விழுந்தது. அவர் தட்டிக் கழித்தபோது அது கரையோரக் கிணற்றில் விழுந்தது. 1973-இல் ஏற்றுமதிச் சலுகை கணக்கிட்டபோதே ஒரு டன் தோலுக்கான கழிவுச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால், மாற்றம் மெதுவாக நடந்திருக்கும். சுத்திகரிப்பு நிலையம் டிரம்முக்கு இருபதாண்டு பின்னால் வராமல் அதோடு கூடவே வந்திருக்கும்.

நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் ஈடு நிர்ணயித்தது. 1991 ஆகஸ்டிலிருந்து 1998 டிசம்பர் வரையிலான இழப்புக்கு மட்டும் அந்தத் தொகை. தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே பள்ளத்தாக்கின் வழக்கில், பாக்கி ஈட்டைத் தர வேண்டும் என்றும், சீரழிவைச் சரிசெய்யும் வரை மாசு செய்தவர்களின் பொறுப்பு தீராது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஈடு பெரும்பாலும் கெட்டுப்போன நிலத்தை வைத்தே கணக்கிடப்பட்டது; நிலத்தை ஹெக்டேரில் அளக்கலாம், விளைச்சலை மூட்டையில் எண்ணலாம். கிணற்று நீரைக் குடித்த உடலுக்கான ஈடு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அதை எழுதுவதற்குத் தேவையான கிணறுவாரிப் பதிவை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எந்தத் துறையும் தொடங்கவில்லை. ராணிப்பேட்டைச் சக்கை மேட்டைச் சுற்றிலும், சேற்றுத் தொட்டிகளைச் சுற்றிலும் இன்றைக்குப் பயன்பாட்டில் இருக்கும் கிணறுகளில் இரு நிலைக் குரோமியத்தையும் தனித்தனியாக ஆண்டுதோறும் அளந்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு நடுத்தர டேனரியின் ஒரு மாத இரசாயனச் செலவைத் தாண்டாது என்பது என் கணிப்பு.